டர்ஹாம்: ரயில் சன்னலிலிருந்து கோபுர தரிசனம் போதுமா?

கேள்வி, 2024 பிப்ரவரி 3

ஏப்ரலில் என் பெற்றோருடன் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ரயிலில் செல்கிறேன். அப்பாவுக்கு 71 வயது. அம்மாவுக்கு முழங்கால் வலி. வழியில் டர்ஹாமில் இரண்டு மணி நேரம் இறங்கிப் பேராலயத்தைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அலுவலக நண்பர் ஒருவரோ, அந்த ஊரின் அழகெல்லாம் பாலத்தின் மேல் ரயில் போகும்போது தெரிகிற காட்சிதான், இறங்கினால் வெறும் மேடும் பள்ளமும்தான் என்கிறார். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று சன்னல் வழியாகவே கும்பிட்டுவிட்டுப் போய்விடலாமா?

2024 பிப்ரவரி 3, மாலை

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரம் சமவெளியையும் வயல்களையும் பார்த்துச் சலித்த கண்ணுக்கு, டார்லிங்டனைக் கடந்த சிறிது நேரத்தில், 11 வளைவுகள் கொண்ட கல் பாலத்தின் மேல் ரயில் வேகம் குறைந்து ஊரும்போது, கூரைகளுக்கு மேலே மூன்று கோபுரங்களுடன் பேராலயமும் அதன் பக்கத்தில் கோட்டையும் ஒரே குன்றின் மேல் எழுந்து நிற்பது திடுக்கிட வைக்கும் காட்சிதான். வலப்பக்கச் சன்னலில் அமருங்கள். லண்டன்-எடின்பரோ ரயில்களுக்காகவே 1857-இல் கட்டப்பட்ட பாலம் அது.

ஆனால் இறங்குங்கள். இரண்டு மணி நேரம் போதாது. குறைந்தது நான்கு மணி நேரம் வையுங்கள். நான் பக்கத்தில் நியூகாசிலில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன், ரயிலில் கால் மணி நேரத் தொலைவு. அங்கே எத்தனை முறை போயிருக்கிறேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை.

2024 பிப்ரவரி 3, இரவு

வலப்பக்கம் என்று நான் சொன்னது வடக்கு நோக்கிச் செல்வோருக்கு. எடின்பரோவிலிருந்து திரும்புவோருக்கு அது இடப்பக்கமாகிவிடும். எந்தத் திசையில் போனாலும் கிழக்குச் சன்னல் என்பதே சரியான சொல். ரயிலின் போக்குக்கு எதிராக முதுகு காட்டி அமர்கிறவர் தம் வலக்கையை நம்ப வேண்டாம்.

இன்னொன்று. நாம் எழுதுவது டர்ஹாம். ஊரார் வாயில் அது 'டரம்'. ஊரைச் சுற்றி ஓடும் ஆற்றை எழுத்துக்கூட்டி 'வேர்' என்று படித்துவிடாதீர்கள், 'வியர்' என்கிறார்கள்.

2024 பிப்ரவரி 5

பயணச்சீட்டைப் பற்றித் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். பலருக்கும் உதவும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன். மலிவாகக் கிடைக்கும் 'அட்வான்ஸ்' சீட்டு குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். நடுவில் இறங்கி ஊர் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் ஏற அது இடம் தராது. ஆகவே லண்டன்-டர்ஹாம் ஒன்று, டர்ஹாம்-எடின்பரோ ஒன்று என இரண்டு அட்வான்ஸ் சீட்டுகளாக வாங்குங்கள். நெரிசல் இல்லாத நேரத்துக்கான 'ஆஃப்-பீக்' சீட்டில் பொதுவாக இடையில் இறங்கலாம் என்றாலும், அந்தந்தச் சீட்டின் நிபந்தனையைப் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு 60 வயது கடந்துவிட்டதால் மூத்தோருக்கான ரயில் அட்டை கிடைக்கும்; இந்த நாட்டில் வசிக்க வேண்டும் என்பதில்லை, கடவுச்சீட்டில் உள்ள வயதே போதும். கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். இந்தப் பயணம் ஒன்றிலேயே அட்டையின் விலை திரும்புமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2024 பிப்ரவரி 6

திருத்தம். பாலத்தைப் பற்றி நான் எழுதியது தவறு என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். அவர் சொல்வதே சரி. 1857-இல் அது பிஷப் ஆக்லந்து என்ற ஊருக்குச் செல்லும் கிளைப்பாதைக்காகத் திறக்கப்பட்டது. லண்டன்-எடின்பரோ ரயில்கள் அப்போது கிழக்கே வேறொரு பாதையில் ஓடிக்கொண்டிருந்தன. 1872-இல்தான் டர்ஹாம் வழியாகத் திருப்பப்பட்டன. ஆக, இன்று நாம் வியக்கும் காட்சி ஒரு கிளைப்பாதைக்குத் தற்செயலாக வாய்த்தது.

திருத்திய அவரே இன்னொரு குத்தும் வைத்தார்: "நியூகாசிலிலிருந்து டர்ஹாமுக்குப் போகிறவர் அந்தப் பாலத்தைக் கடக்கவே மாட்டாரே!" உண்மைதான். நிலையம் பாலத்துக்கு வடக்கே இருக்கிறது. நான் டர்ஹாமில் இறங்கிய எந்த நாளிலும் பாலத்தின் மேல் போனதில்லை. பாலத்தின் மேல் போன நாட்களில், யார்க்குக்கோ லண்டனுக்கோ போகும் அவசரத்தில், டர்ஹாமில் இறங்கியதில்லை. இத்தனை ஆண்டுகளில் இதை ஒருமுறைகூட யோசித்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

2024 பிப்ரவரி 10

மேடு பள்ளம் பற்றி. 'டன்' என்றால் பழைய ஆங்கிலத்தில் குன்று, 'ஹோம்' என்றால் வடமொழியில் தீவு (சமஸ்கிருதம் அல்ல, நார்வேக்காரர்களின் வடமொழி). குன்றுத்தீவு என்ற அந்தப் பெயரே நடக்க வேண்டிய வழியைச் சொல்லிவிடுகிறது. நிலையம் ஒரு மேட்டில், பேராலயம் இன்னொரு மேட்டில், நடுவில் ஆறு. நிலையத்திலிருந்து செங்குத்தாக இறங்கி, ஃப்ரேம்வெல்கேட் பாலத்தில் ஆற்றைக் கடந்து, குறுகலான சில்வர் தெருவில் ஏறிச் சந்தைச் சதுக்கத்தை அடைந்து, அங்கிருந்து சேட்லர் தெரு வழியாக மறுபடி ஏறினால் பேலஸ் கிரீன் என்ற புல்வெளி. அதன் ஒரு முனையில் பேராலயம், எதிர்முனையில் கோட்டை. நல்ல காலுக்குக் கால் மணி நேரம். ஆறு குதிரை லாடம் போல் மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டிருப்பதால்தான் நார்மன்கள் 1072-இல் கோட்டைக்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பகைவனுக்கு ஏறக் கடினமாக இருக்க வேண்டும் என்று தேர்ந்த இடம், சுற்றுலாப் பயணிக்கு மட்டும் எளிதாக இருக்குமா?

போகும்போது இறக்கத்தில் தொடங்குவதால் திரும்பும்போது ஏற்றத்தில் முடியும் என்பது எல்லோருக்கும் மறந்துபோகிறது. எனக்கும் ஒருமுறை மறந்தது. ரயிலுக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறதென்று ஃப்ரேம்வெல்கேட் பாலத்தின் மேல் நின்று ஆற்றை ரசித்துவிட்டு, நிலையத்துக்கான கடைசி ஏற்றத்தில் மூச்சு வாங்கியபடி நின்றபோது, என் தலைக்கு மேலே என் ரயில் புறப்பட்டுப் போயிற்று. குற்றம் முழுவதும் என்னுடையது; அடுத்த ரயிலுக்குப் புதுச் சீட்டும் என் காசு.

2024 பிப்ரவரி 11

இறங்க வேண்டும் என்று நான் ஏன் பிடிவாதம் பிடிக்கிறேன் என்பதை இதுவரை சொல்லவில்லை. காரணம் தூண்கள்.

கட்டடத்தின் வெளித்தோற்றத்தைச் சன்னலிலிருந்து பார்த்துவிடலாம். உள்ளே நடுக்கூடத்தில் நிற்கும் உருண்டைத் தூண்களின் பருமனை உடம்பால்தான் உணர முடியும். ஒவ்வொன்றின் சுற்றளவும் உயரமும் ஏறத்தாழ ஒன்றே, 6.6 மீட்டர். அவற்றின் மேல் வளைகோடுகளும் சாய்சதுரங்களும் அம்புக்குறிகளும் ஆழமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. தூணை நிறுத்திவிட்டுச் செதுக்கவில்லை; ஒவ்வொரு கல்லையும் தரையில் செதுக்கி முடித்த பிறகே அடுக்கினார்கள். கல்லுக்குக் கல் கோடு இணைகிற இடத்தை விரலால் தொடர்ந்து பாருங்கள்.

தலையை நிமிர்த்தினால் கூரை. 1093 ஆகஸ்ட் 11 அன்று அடிக்கல் நாட்டப்பட்டு, 1133-க்குள் நடுக்கூடத்தின் கூரை வரை முடிந்துவிட்டது, நாற்பதே ஆண்டுகள். அதுவரை இத்தனை அகலமான கூடத்தைக் கல்லால் மூடுவதென்றால் பெரும்பாலும் கனமான பீப்பாய் வளைவு வேண்டும்; அதைத் தாங்க, பெரிய சன்னல் வைக்க முடியாத அளவுக்குத் தடித்த சுவர் வேண்டும். இங்கே கொத்தர்கள் முதலில் குறுக்கும் நெடுக்குமாக விலா எலும்பு போன்ற வளைவுகளை எழுப்பி, இடைவெளிகளை மெல்லிய கல்லால் நிரப்பினார்கள். பாரம் விலாக்களின் வழியே குறிப்பிட்ட சில புள்ளிகளில் இறங்கிவிடுகிறது. குறுக்கு வளைவுகளைக் கூர்முனையாக்கியதால் அகலம் மாறினாலும் உயரத்தை ஒன்றாக வைத்துக்கொள்ள முடிந்தது. பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்கும் கால்வட்ட வளைவுகளை மேல்மாடத்தின் இருட்டில், வெளியே தெரியாமல் ஒளித்து வைத்தார்கள். பின்னாளில் பிரான்சில் எழுந்த மாபெரும் பேராலயங்களின் வித்தைகள் பலவும் இந்தக் கூரையடியில் முன்கூட்டியே பழகப்பட்டவை. கிழக்குப் பகுதியின் முதல் கூரை விரிசல் விட்டதால் 13-ஆம் நூற்றாண்டில் மாற்ற வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பழகுகிறவர்கள் தவறவும் செய்வார்கள்.

நுழைவுக்குக் கட்டணம் இல்லை, காணிக்கை கேட்பார்கள். நடுக் கோபுரத்துக்கு 325 படிகள். அதற்கு மட்டும் தனிக் கட்டணம். உங்கள் அம்மாவைக் கீழேயே உட்கார வையுங்கள். நான் ஏறியிருக்கிறேன். மேலே நின்றபோது மேற்கே அந்தப் பாலத்தின் மேல் ஒரு ரயில் மெதுவாகப் போயிற்று. அந்தச் சன்னல்களில் கும்பிட்ட கை எத்தனையோ!

2024 பிப்ரவரி 12

பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன். நடுக்கூடத்தின் மேற்குப் பகுதியில் தரையில் கருங்கோடு ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். துறவிகள் காலத்தில் அதைத் தாண்டிப் பெண்கள் போகக்கூடாது. இங்கே அடங்கியிருக்கும் புனித கத்பர்ட் பெண்களை வெறுத்தவர் என்பதே அதற்குக் காரணம். 1333-இல் அரசி ஃபிலிப்பா தெரியாத்தனமாகத் துறவிகளின் வளாகத்தில் கணவர் மூன்றாம் எட்வர்டுடன் உறங்கிவிட, துறவிகள் வந்து முறையிட்டதால், நள்ளிரவில் உள்ளாடையோடு எழுந்து கோட்டைக்குப் போக வேண்டியதாயிற்று என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

என் அம்மா வந்திருந்தபோது இதைச் சொன்னேன். கோட்டின் முன்னால் நின்று, "நாட்டரசிக்கே இந்தக் கதியா?" என்று கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்ற வேண்டாம் என்று சொன்ன பிறகும் மனம் ஒப்பாமல் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கோட்டுக்கு அப்பால் உள்ளே போய்விட்டார். அன்று மாலை ஐந்தரை மணி வழிபாட்டில் பாடியது சிறுமியர் குழு. 2009 முதல்தான் இங்கே சிறுமியர் பாடுகிறார்கள். கோட்டுக்கு வெகு தொலைவு கிழக்கே, பலிபீடத்துக்கு அருகில் அவர்கள் நின்றார்கள்.

2024 பிப்ரவரி 18

கத்பர்ட் பெண்களை வெறுத்தவர் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அவர் வாழ்ந்தது 7-ஆம் நூற்றாண்டு; இறந்தது 687. மடத்தலைவி எல்ஃப்ளட் போன்ற பெண்களிடம் அவர் நட்புடன் பழகியதை அவர் காலத்துக்கு அருகில் எழுதப்பட்ட வரலாறுகளே சொல்கின்றன. வெறுப்புக் கதை பிறந்தது நானூறு ஆண்டுகள் கழித்து. 1083-இல் நார்மன் ஆயர், மனைவி மக்களோடு வாழ்ந்துவந்த பழைய குருக்களை வெளியேற்றிவிட்டு, மணமாகாத பெனடிக்ட் சபைத் துறவிகளைக் குடியமர்த்தினார். அதற்குப் பிறகுதான் புனிதருக்குப் பெண்களைப் பிடிக்காது என்ற கதைகள் பெருகுகின்றன. புதிதாக வந்தவர்களின் ஒழுங்குக்குப் பழைய புனிதரின் வாயைக் கடன் வாங்கினார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அன்னை மரியாவின் சிற்றாலயம் கிழக்கு முனையில் அமைவதே மரபு. இங்கேயோ அது மேற்கே, ஆற்றங்கரைப் பாறை விளிம்பில், கலிலி சிற்றாலயம் என்ற பெயரில் இருக்கிறது. முதலில் கிழக்கே கட்டத் தொடங்கிச் சுவர் வெடித்ததாம். புனிதரின் கோபம் என்றார்களாம். அடித்தளம் சரியில்லை என்பதே என் கட்சி. மேற்கே கட்டியதால் பெண்கள் வரக்கூடிய பகுதியிலேயே அது அமைந்தது. கூடவே பேராலயத்தின் பெரிய மேற்கு வாயிலும் அடைபட்டது. நாம் இன்று வடக்கு வாயிலில் நுழைவது அதனால்தான். அங்கே கதவில் பல்லைக் காட்டும் வெண்கல முகத்தைக் காணத் தவறாதீர்கள். அந்நாளில் கொலை செய்துவிட்டு ஓடி வந்தவனுக்கும் அதன் வளையத்தைத் தட்டினால் 37 நாள் அடைக்கலம் கிடைத்தது. இப்போது கதவில் இருப்பது நகல். மூலம் உள்ளே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

2024 பிப்ரவரி 19

"யார்க்கா, டர்ஹாமா?" என்று கேட்டவருக்கு: முழங்கால் வலி என்றால் யார்க். நிலையத்திலிருந்து பேராலயம் வரை ஏறக்குறையச் சமதரை. ஆனால் உள்ளே போக அங்கே கட்டணம் உண்டு.

வெல்ஸ் பேராலயத்துக்கு எந்த ரயிலில் போவது என்று கேட்டவருக்கு: எந்த ரயிலும் இல்லை. அந்த ஊரின் நிலையங்களை அறுபதுகளுக்குள் மூடிவிட்டார்கள்.

2024 மார்ச் 2

உங்கள் பயணத்தில் டர்ஹாமுக்குப் பிறகு எடின்பரோ வருகிறதல்லவா? எடின்பரோவுக்கு முன்னால் டன்பார் என்ற சிறிய நிலையத்தைக் கடப்பீர்கள். 1650 செப்டம்பர் 3 அன்று அங்கே ஆங்கிலேயத் தளபதி கிராம்வெல்லின் படை ஸ்காட்லாந்துப் படையை முறியடித்தது. சிறைப்பட்டவர்களைத் தெற்கு நோக்கி நடத்தியே கொண்டுவந்தார்கள். இன்று ரயில் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டிக் கடக்கும் தொலைவை அவர்கள் பசியோடு ஒரு வாரத்துக்கு மேல் நடந்தார்கள். ஏறத்தாழ 3,000 பேர் டர்ஹாம் பேராலயத்துக்குள் அடைக்கப்பட்டனர். வழிபாடு நிறுத்தப்பட்டு ஆளில்லாமல் கிடந்த கட்டடம் அது. ஏறத்தாழ 1,700 பேர் நோயாலும் பட்டினியாலும் இறந்தனர். எங்கே புதைத்தார்கள் என்பது முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் தெரியாதிருந்து, 2013-இல் பேலஸ் கிரீன் நூலகத்தில் உணவகத்துக்காகத் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. ஆய்வுக்குப் பின் 2018-இல் அவை மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன.

குளிருக்காகக் கைதிகள் உள்ளே இருந்த மரவேலைப்பாடுகளை எல்லாம் எரித்துவிட்டார்கள் என்றும், பிரயர் (மடத்தலைவர்) காஸலின் பெரிய கடிகாரத்தை மட்டும் அதன் உச்சியில் ஸ்காட்லாந்தின் சின்னமான முட்செடிப் பூ இருந்ததால் விட்டுவைத்தார்கள் என்றும் சொல்வதுண்டு. பூ இருப்பதைப் பார்த்திருக்கிறேன்; விட்டுவைத்த காரணத்துக்கு யார் சாட்சி? மாலை வழிபாட்டில் நாம் அமரும் மர இருக்கைகள் 1660-களில் ஆயர் காசின் செய்ய வைத்தவை. முன்பு இருந்தவை இல்லாமற்போனதால்தான் இவை வந்தன. இந்தக் கதையை அறிந்த பிறகு அவற்றில் முன்போல் சாய்ந்து உட்கார எனக்கு முடியவில்லை.

2024 மார்ச் 3

நேற்று எழுதிவிட்டுப் படுத்த பிறகு தோன்றியது. கிழக்குச் சன்னல் என்று ஒரு காட்சிக்காகச் சொன்னேன். உண்மையில் இரண்டு காட்சி. நியூகாசிலைத் தாண்டி, பெரிக் என்ற ஊரை நெருங்குகையில், வானம் தெளிவாக இருந்தால் அதே சன்னலில் கடலுக்குள் லிண்டிஸ்பார்ன் தீவு தெரியும். கத்பர்ட் தலைமை ஏற்றிருந்த மடம் அங்கேதான் இருந்தது. 793-இல் வைக்கிங்குகள் தாக்கினார்கள். தாக்குதல் தொடரவே, 875-இல் துறவிகள் அவருடைய உடலிருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அலைந்து, செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட்டில் நூறாண்டுக்கு மேல் தங்கி, 995-இல் இந்தக் குன்றை அடைந்தார்கள். அவர்களுக்கு 120 ஆண்டுகள் பிடித்த வழியை உங்கள் ரயில் ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையில் ஓடிவிடும்.

ஆகவே என் கருத்தைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். சன்னல் தரிசனம் மட்டமானதென்று இனிச் சொல்லமாட்டேன். ஆனால் பெட்டி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை இறங்கிப் பார்த்தவருக்கே தீவு தெரியும்போது எதைப் பார்க்கிறோம் என்பது புரியும். பலிபீடத்துக்குப் பின்னால் படியேறினால், பொன்னும் மணியும் எட்டாம் ஹென்றியின் ஆட்களால் பறிக்கப்பட்டு, ஒற்றைப் பலகைக் கல்லும் அதில் ஒற்றைப் பெயரும் மட்டும் மிஞ்சியிருக்கும் கல்லறை இருக்கிறது. 1827-இல் அதைத் திறந்தபோது கிடைத்த பொற்சிலுவை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உங்கள் கட்டைவிரலைவிடச் சற்றே பெரிது.

2024 ஏப்ரல் 21

கேள்வி கேட்டவர் போய் வந்து தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். அவர் அனுமதியோடு சுருக்கம். முன்பதிவில் இடப்பக்க இருக்கைகளே கிடைத்தனவாம். அம்மா மட்டும் எழுந்து நடைவழியில் நின்று பாலத்துக் காட்சியைப் பார்த்திருக்கிறார். அப்பா உறங்கிவிட்டார். உள்ளே போன பிறகு அப்பாவைக் கிளப்ப முடியவில்லையாம். கிழக்கு முனைத் தூண்களின் கறுப்புச் சுண்ணாம்புக்கல்லில் கல்லாகிப் போன பவளங்களை எண்ணிக்கொண்டிருந்தாராம். அவர் ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர் என்பதை முன்பே சொல்லியிருந்தால் ஃப்ராஸ்டர்லி எனப்படும் அந்தக் கல்லைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

மேட்டை எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டேன். நிலைய வாசலில் டாக்சி பிடித்துப் பேலஸ் கிரீனில் போய் இறங்கினார்களாம். சில்வர் தெரு, சேட்லர் தெரு என்று ஏற்றத்தையும் இறக்கத்தையும் பத்தி பத்தியாக எழுதிய எனக்கு டாக்சி என்ற சொல் ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை. லண்டனுக்கும் முன்பே, 2002-இல், வாகனங்களுக்கு நுழைவுக் கட்டணம் வைத்த தெரு சேட்லர் தெரு என்பது தெரிந்தும் வரவில்லை.

2024 ஜூலை 14

நேற்று சுரங்கத் தொழிலாளர் பெருவிழா. ஜூலையின் இரண்டாம் சனிக்கிழமையில் டர்ஹாமில் இறங்க நினைப்பவர்கள் இதை அறிந்தே இறங்குங்கள். 1871-இல் தொடங்கிய விழா. மாவட்டத்தின் நிலக்கரிச் சுரங்கங்கள் எல்லாம் மூடப்பட்ட பிறகும் நடக்கிறது. ஒவ்வொரு ஊரும் தன் பழைய சுரங்கத்தின் பட்டுப் பதாகையை ஏந்தி, பித்தளை வாத்தியக் குழுவோடு குறுகிய தெருக்களில் நுழைகிறது. பிற்பகலில் புதிய பதாகைகளைப் பேராலயத்துக்குள் எடுத்துச் சென்று ஆசி பெறுகிறார்கள். மெல்ல நடந்தபடி வாசிக்கும் அந்த வாத்தியம் விலா வளைவுகளில் மோதித் திரும்பும்போது, அந்தக் கூரையை இதுவரை கண்ணால் மட்டுமே பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. திரும்பும் ரயிலில் நிற்கவும் இடமில்லை.

2024 ஜூலை 30

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி அடுத்த வாரம் எடின்பரோவிலிருந்து லண்டனுக்கு வருகிறாராம். எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

இடப்பக்கம். தீவு முதலில் வரும்.